குளுக்கோஸ் நட்சத்திரம்

மலைப்பாதையில் வருகிறவர்கள் ஜீப்பில் பின்சீட்டில் உட்காரக் கூடாது சார். உங்கள் ஜில்லா சுகாதார ஆபீசில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி முதல் நாலைந்து வளைவு தாங்கும். டம்டம் பாறை வந்தால் வயிறு புரட்டிவிடும். நீங்கள் இரண்டு தடவை இறங்கியதாக உங்களோடு வந்த கான்ஸ்டபிள் சொன்னார். அந்த மேசை இழுப்பறையில் எலுமிச்சம்பழம் இருக்கிறது, ஒரு துண்டுத் தோலை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். வாக்குமூலத்துக்கு என்ன அவசரம், நான் எங்கேயும் போகப் போவதில்லை. கான்ஸ்டபிளும் இப்போதைக்கு வரமாட்டார். பெருமாள்மலை ஜங்ஷன் டீக்கடையில் போய் உட்கார்ந்தவர் யாரும் சீக்கிரம் எழுந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் உபகாரம். வயது இருபத்தாறு. இந்த மிஷன் டிஸ்பென்சரியில் நாலு வருஷமாகக் கம்பவுண்டர். இன்றைக்கு 1987 டிசம்பர் இருபத்திரண்டு. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற சுபாவம் இருந்திருந்தால் ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர் எழுதி வைத்திருப்பேனா?

முதலில் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொண்டுவந்து கொடுத்த நோட்டீசில் ‘காலி பாட்டில்கள்’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

போன வருஷம் வரைக்கும் குளுக்கோஸ் கண்ணாடிப் பாட்டிலில் வந்தது. கண்ணாடியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போன வருஷம் மழைக்காலத்தில் முதல் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. அது காலியானதும் கழுவி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளியே மூடுபனி. அந்தப் பனி வெளிச்சம் பாட்டிலுக்குள் வந்து அப்படியே நின்றது சார். நான் பத்து நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெளியே ஒரு குழந்தை கட்டு மாற்றுவதற்காக அழுதுகொண்டிருந்தது. பிறகு போய் மாற்றிவிட்டேன்.

குளுக்கோஸ் டியூபில் மீன் செய்வது எல்லாக் கம்பவுண்டருக்கும் தெரியும். அதைச் செய்து பஸ் டிரைவர்களுக்குக் கொடுத்தால் கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொள்வார்கள். நான் மீனோடு நிற்கிறவன் கிடையாது. சீசனுக்குக் கொடைக்கானல் வருகிறவர்கள் ஓட்டலில் விட்டுப்போகிற ஷாம்பு பாட்டில், பவுடர் டப்பா, எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து அன்னம் செய்தேன், கிளி செய்தேன், ரோஜாச் செடி செய்தேன். பிளேடை மெழுகுவர்த்தியில் சுடவைத்து அடிப்பக்கத்தைக் கீறி, சூடான கம்பியில் இதழ் இதழாகச் சுருட்ட வேண்டும். வர்ணத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. காயத்துக்குப் போடுகிற சிவப்பு மருந்து, வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து, தீப்புண்ணுக்கு மஞ்சள் மருந்து. டிஸ்பென்சரி மாதிரி ஒரு வர்ணக்கடை கிடையாது.

இப்போது தெரசம்மாள் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். எங்கள் கோவிலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முகப்பில் ஒரே ஒரு பெரிய நட்சத்திரம்தான் தொங்கும். யாருடையது என்று கமிட்டி பார்த்து முடிவு செய்யும். ஒன்பது வருஷமாக டீச்சருடையதுதான். மூங்கிலும் கலர் பேப்பரும். குறை சொல்லக் கூடாது, இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் பார்க்க அழகாக இருக்கும். இருபத்தாறாம் தேதி பனியில் நனைந்து, அவித்த முட்டைக்கோஸ் மாதிரி தொங்கும். இந்த மலையில் டிசம்பரில் பேப்பர் நட்சத்திரம் கட்டுவது என்ன யோசனை என்று யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் நான் பவுடர் டப்பாக்களில் ஒரு விளக்குக் கூண்டு செய்துகொண்டு போனேன். கமிட்டிக்காரர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“ஏலே உபகாரம், குப்பைத் தொட்டியைக் கழுவிக் கட்டித் தொங்கவிட்டிருக்கியே, நாத்தம் போயிருச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூண்டைச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேலே மாட்டினார்கள். நான் அந்த வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் சார், பக்கத்து வீட்டு அன்னக்கொடி அக்காவைக் கேட்டுப் பாருங்கள். என்ன தம்பி எப்பப் பாத்தாலும் பல்லக் கடிச்சுக்கிட்டே சிரிக்கிற என்று கேட்பார்.

இந்த வருஷம் ஆகஸ்டிலேயே படம் போட்டுவிட்டேன். ஐந்து கால். ஒரு காலுக்குப் பதினான்கு பாட்டில். நடுவில் ஒரு பூ, அதற்கு ஒரு பாட்டில், அந்தப் பூவுக்குள்தான் பல்ப் வரும். மொத்தம் எழுபத்தொன்று. கோவில் முகப்பில் மாட்டினால் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸுக்கும் தெரியும், பழனிப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸுக்கும் தெரியும். பனி பட்டால் இன்னும் மின்னும்.

ஆனால் இங்கே மாசத்துக்கு நாலு பாட்டில் செலவானால் அதிகம். நவம்பர் கடைசியில் என் கையில் பதினொன்றுதான் இருந்தது.

அப்போதுதான் சிஸ்டர் புஷ்பமேரி, இந்த டிஸ்பென்சரியை நடத்துகிறவர், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வாரம் ராயப்பன்பட்டிக்குக் கிளம்பினார். டாக்டர் மாசத்துக்கு ஒருநாள்தான் வருவார், டிசம்பரில் அதுவும் கிடையாது. பஸ் ஏறும்போது சிஸ்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, காலரா வந்தால் உதவும் என்று ஸ்டோரில் வைத்திருக்கிற குளுக்கோஸ் பெட்டிகளைத் தொடாதே. இரண்டு, எதையும் வீணாக்காதே.

நான் ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டியில் வருகிற மார்ச் மாதத்தோடு காலாவதி என்று போட்டிருந்தது. இந்தக் குளிரில் காலரா எங்கே வரப்போகிறது? தொடாமல் வைத்திருந்தால் வீணாகும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் கடைசியாகச் சொன்னதைக் கேட்பதுதானே முறை?

முதல் ஆள் முகைதீன் பாய். ஜங்ஷனில் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். நைலான் நூல் வாங்கப் போயிருந்தேன்.

“என்ன தம்பி, பத்துக் கண்டு நூல் கேக்குற, மலையில மீன் பிடிக்கவா போற?”

“பாய், மேடு ஏறுறப்ப மூச்சு வாங்குதா?”

“வாங்காம? வீடே மேட்டுலதான கெடக்கு.”

“கண்ணைக் காட்டுங்க. வெளுத்திருக்கே பாய்.”

“நான் சும்மாவே வெளுப்புதான்ப்பா.”

ஆனாலும் வந்துவிட்டார். எங்கள் ஊரில் வெளுத்திருக்கு என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. இந்த முதல் கட்டிலில்தான் படுத்தார். பாட்டில் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உள்ள போறது தண்ணிதான? அதையே நான் டம்ளர்ல குடிச்சா ஆகாதா?” என்று கேட்டார்.

“டம்ளர்ல குடிச்சா வயித்துக்குப் போகும் பாய். இது நேரா ரத்தத்துக்குப் போகுது.”

“அட” என்றார். கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடித்தது. இந்தக் குளிரில் பாட்டிலும் குளிர்ந்துதானே இருக்கும். நாலு மணி நேரம் இறங்க வேண்டியதை நான் ஒன்றரை மணி நேரத்தில் இறக்கினேன், இன்னும் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். பலவீனம் வெளியே போகும்போது அப்படித்தான் நடுங்கும் என்று சொல்லி இரண்டு கம்பளி போர்த்திவிட்டேன். எழுந்து போகும்போது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தப் பாட்டிலில்தான் முதல்முதலாக எழுதினேன். உபயம்: முகைதீன், பெருமாள்மலை.

ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள். எல்லாக் கோவிலிலும் அதுதானே வழக்கம்? பழனியில் போய்ப் பாருங்கள், ட்யூப் லைட்டில் வெளிச்சம் வருகிற இடத்தைவிட உபயம் எழுதின இடம்தான் அதிகம். எங்கள் கோவில் மின்விசிறியில் மூன்று இறக்கையிலும் ஒரே குடும்பத்துப் பெயர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவர் ஒன்றரை மணி நேரம் படுத்து ஒரு பாட்டிலைக் காலி செய்து கொடுத்திருக்கிறார், அவர் பெயரைப் போடாமல் விட்டால் நான் மனுஷனா? நீங்களும் காலையில் நட்சத்திரத்தைப் பார்த்துத்தானே பட்டியல் எடுத்தீர்கள். உங்கள் வேலையும் சுலபமானது.

அப்புறம் நான் யாரையும் தேடிப் போகவில்லை. அவர்களாகவே வந்தார்கள். இங்கே ஊசி போடாத வைத்தியத்தை வைத்தியம் என்றே நினைக்க மாட்டார்கள், பாட்டில் ஏற்றுவது என்றால் ஒரு படி மேலே. ஒருவர் படுத்தால் பார்க்க நாலு பேர் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வருவார்கள். வந்த நாலு பேரிடமும் மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்பேன். மலையில் இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? மறுநாள் அந்த நாலு பேரும் படுப்பார்கள், அவர்களைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். இரண்டாவது வாரத்தில் வாசலில் சண்டையே வந்துவிட்டது. ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுத்த வீட்டுக்காரி மாமியாளுக்கு ரெண்டு பாட்டில், எங்க மாமியாளுக்கு ஒண்ணா? நாங்க மட்டும் என்ன எளப்பமா கம்பவுண்டரு?”

அந்த மாமியாருக்கும் இரண்டு போட்டேன். பாரபட்சம் எனக்குப் பிடிக்காது.

தெரசம்மாள் டீச்சரும் வந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் வேறு மாதிரி சொல்லுவார். தலை சுற்றுகிறது என்றார். உண்மையிலேயே கண் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. நாலு நாள், மத்தியானம் மத்தியானமாக வரச்சொல்லி நாலு பாட்டில்.

“ஏலே, கை மரத்துப் போச்சுலே. இன்னும் எம்புட்டு நேரம்? மூங்கிலை ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன், வெரசா போகணும்.”

“அசையாதீங்க டீச்சர், ஊசி நழுவிரும்.”

மற்றவர்களுக்கு வேகமாக இறக்கினேன், டீச்சருக்கு மட்டும் முறைப்படி நாலு மணி நேரம். வயதானவர் இல்லையா. ஊசி ஏற்றின வலது கை வீங்கியிருந்ததால் மற்ற நேரத்திலும் அவரால் பேப்பர் வெட்ட முடியவில்லை. இந்த வருஷம் அவருடைய நட்சத்திரம் மூங்கிலோடு நின்றுவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். அவர் இடது கையைத்தான் முதலில் நீட்டினார். எனக்கு வலது கையில் நரம்பு நன்றாகத் தெரிந்தது.

பதினெட்டாம் தேதி. அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள், தெரியும்.

நல்லுசாமி ஐயா பூண்டிக்காரர். காரட் மூட்டையோடு லாரியில் வந்தால் இங்கே மகள் அன்னக்கொடி வீட்டில் பத்துப் பதினைந்து நாள் தங்குவார். கால் வலி என்று வந்தார். ஒரு பாட்டில் போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார்.

“தம்பி, தண்ணி ஏத்துனதுலேருந்து ஒரே தாகமா இருக்குப்பா. ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன். உடம்பே அசத்துது.”

“பலவீனம் ஐயா.”

“அப்ப இன்னொண்ணு போட்ருவமா?”

“போட்ருவோம்.”

போட்டேன். தாகம் அதிகமானது. அதற்கு ஒன்று போட்டேன். அசதி அதிகமானது. அதற்கும் ஒன்று. அன்னக்கொடி அக்கா தினமும் எனக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பார், எங்கப்பாவைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறீங்க தம்பி என்று. பதினெட்டாம் தேதி காலையில் ஐந்தாவது பாட்டில். அது எழுபதாவது. பாட்டில் முடிகிற நேரத்தில் ஐயா பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சு குழறி, கண் மேலே சொருகிவிட்டது. நான் பாட்டிலைக் கழற்றி, கழுவி, பெயர் எழுதி வைத்துவிட்டு உடனே ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினேன்.

கொடைக்கானல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வெறும் கையோடு எப்படிப் போவது? ஜீப் கம்பியில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டேன். வெள்ளி அருவி தாண்டும்போது அக்கா அழுதுகொண்டே, “தம்பி, பாட்டிலையே பாத்துக்கிட்டு வாரீங்களே, அப்பாவுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார். இன்னும் பாதி இருக்கிறது என்று சொன்னேன். கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அது எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ஐயாவின் விரலைக் குத்திப் பார்த்தார், பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார், கழற்றினார், யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அந்தப் பாட்டிலைக் கொடுத்துவிட்டால் கிளம்பிவிடுவேன் என்றும் சொன்னேன். அவர் அதைக் கவரில் போட்டு சீல் வைத்துவிட்டார். நல்லுசாமி ஐயா இப்போது எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். அந்தத் தம்பி தங்கமான பிள்ளை என்று கொடைக்கானல் போலீசில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அதை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள், அதற்கு நன்றி.

மறுநாள் கமிட்டி நட்சத்திரத்தைப் பார்க்க வந்தது. டீச்சரும் வந்தார், வீங்கின கையைத் துண்டில் கட்டிக்கொண்டு. மூன்றாவது காலுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார், வகுப்பில் ஆஜர் எடுப்பது மாதிரி. முகைதீன். அன்னக்கொடி. தெரசம்மாள். தெரசம்மாள். தெரசம்மாள். தெரசம்மாள். நல்லுசாமி என்று ஐந்து தடவை. வாசித்து முடித்துவிட்டு, “நல்லாத்தாம்லே செஞ்சிருக்க” என்றார். அவர் வாயால் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் நேரே போஸ்ட் ஆபீசுக்குப் போய் உங்களுக்குத் தந்தி கொடுத்திருக்கிறார்.

நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். சிஸ்டரும் வந்து இறங்கினதும் அதையேதான் கேட்டு அழுதார். பாட்டில்தானே வேண்டும், தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு எடுத்திருக்கக் கூடாதா என்று. படித்தவர்கள் இப்படிக் கேட்பது எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது சார். எங்கேயோ இருக்கிற யாரோ நல்ல மனசோடு அனுப்பின மருந்து. அதைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு எப்படிக் கை வரும்? அந்த மாதிரி வளர்ப்பு கிடையாது எனக்கு.

சர்க்கரை வியாதிக்காரர் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியாது என்று காலையில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஐயாவின் சீட்டில் சிஸ்டர் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், நாலு தடவையும் வாசித்தேன், ஐந்தாவது தடவை வாசிக்கத் தேவைப்படவில்லை. ஸ்டோரில் உப்புத்தண்ணீர் பாட்டிலும் இரண்டு பெட்டி இருந்தது. அதைப் போட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதுவும் தெரியும். ஆனால் உப்புத்தண்ணீர் பாட்டில் வேறு கம்பெனி. குட்டை. தோள் பக்கம் வேறு அகலம். நட்சத்திரக் காலில் வைத்துப் பார்த்தேன், எவ்வளவு முயற்சி பண்ணியும் வரிசையில் உட்காரவில்லை. ஜீப்பில் தொங்கவிட்டதும் நெட்டைப் பாட்டில்தான். இதை நீங்கள் குற்றம் என்று எழுதினால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இதோ, இரண்டாவது கட்டிலில்தான் கிடக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். ஐந்து காலும் முடிந்துவிட்டது. நடுப்பூதான் பாக்கி. அதற்கு வேண்டிய பாட்டிலைத்தான் டாக்டரம்மா சீல் வைத்துவிட்டார். நீங்களும் ஸ்டோரைப் பூட்டிவிட்டீர்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை எடுத்து என் பையில் வைத்திருந்தேன், மறைக்க மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா. மூடி திறக்கவில்லை, முழுசாக இருக்கிறது. நாளன்றைக்குக் கிறிஸ்துமஸ் ராத்திரி. சாக்கடையில் ஊற்ற மனசு வராமல் நான் இரண்டு நாளாக அதைக் கம்பளியில் சுற்றிச் சூடாக வைத்திருக்கிறேன், நடுங்கக் கூடாது பாருங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை உண்டா சார்? முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது, இந்த விஷயத்தில் நான் பாடம் கற்றுக்கொண்டேன். இல்லையா, நல்லது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறீர்கள், காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. வாசல் மேட்டில் ஏறி வந்தபோது மூச்சு வாங்கினதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணும் வெளுத்துத்தான் இருக்கிறது. முதல் கட்டில் காலிதான். இடது கைச் சட்டையை மட்டும் மடித்துவிட்டுக்கொள்ளுங்கள், எழுதுகிற கை வேண்டாம், வாக்குமூலத்தை முடிக்க வேண்டுமே. நடுப்பூவில் இடம் நிறைய இருக்கிறது. பெயரை இனிஷியலோடு எழுதவா சார்?